அச்சு அசல் அதேதானா? - பொருளும் எதிர்ப்பொருளும்

டிரையல் பேலன்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒரு ரூபாய் இடித்தால்கூட அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. இரண்டும் நேரானால்தான் நிம்மதி.

இயற்பியலில் ஒரு கூட்டத்துக்கு இதற்கு நேர்மாறான பிரச்னை. ஏறத்தாழ நூறு வருடமாக ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. அதுதான் அவர்கள் கவலையே! எங்காவது ஒரு பைசா இடிக்காதா என்று ஏங்குகிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பக்கம் பொருள். இன்னொரு பக்கம் எதிர்ப்பொருள். இரண்டும் எல்லா விதத்திலும் சரிசமம் என்றால் இந்தப் பூமியும் இல்லை, சூரியனும் இல்லை, கணக்குப் பார்க்க ஆளும் இல்லை. ஏன் என்று பிறகு பார்ப்போம். முதலில் கதை எங்கே தொடங்கியது என்று பார்க்கலாம்.

லீவு நாள் கற்பனை

1897-ல் ஜே.ஜே.தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம், 1898 கோடை விடுமுறையில், மான்செஸ்டரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஷூஸ்டர் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்சாரத்தில் இரண்டு வகை இருக்கும்போது பொருளிலும் ஏன் இரண்டு வகை இருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. அதற்கு 'ஆன்ட்டிமேட்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார். நம்முடைய பொருளும் அந்தப் பொருளும் ஒன்றையொன்று ஈர்க்காமல் விலக்கும் என்றும் கற்பனை செய்தார்.

இது வெறும் கனவு என்று கடிதத்தின் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். கையில் ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைக்க 125 வருடம் ஆனது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தள்ளிவிட முடியாத மைனஸ்

அடுத்து 1928. கேம்பிரிட்ஜில் பால் டிராக், வயது 25. எலக்ட்ரானுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியலும் குவாண்டம் விதிகளும் சேர்ந்து பொருந்துகிற மாதிரி ஒரு சமன்பாடு எழுதினார். பிரமாதமாக வேலை செய்தது. ஒரே ஒரு இடைஞ்சல்.

பள்ளிக்கூடத்தில் எக்ஸின் வர்க்கம் 4 என்றால் எக்ஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். விடை 2. மைனஸ் 2-ம் சரிதான். கணக்கு ஒரு வயலின் நீளத்தைப் பற்றியது என்றால் மைனஸை அடித்துவிட்டுப் போய்விடலாம். டிராக்கின் சமன்பாட்டிலும் எலக்ட்ரானின் ஆற்றலுக்கு இப்படி ஒரு மைனஸ் விடை வந்தது. ஆனால் குவாண்டம் விதிகளில் அதை அடித்துவிட வழியில்லை.

அந்த மைனஸ் விடை எதைக் குறிக்கிறது? அன்று தெரிந்த துகள்களில் நேர்மின்னூட்டம் கொண்டது புரோட்டான் ஒன்றுதான். அதனால் 1930-ல் அது புரோட்டானாக இருக்கலாம் என்றார் டிராக். சிக்கல் என்னவென்றால் புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமானது. ஜோடி என்றால் எடை ஒன்றாக இருக்க வேண்டாமா? ஓப்பன்ஹைமர் (ஆமாம், பிற்பாடு அணுகுண்டு செய்தவரேதான்) இன்னொரு ஓட்டையைக் காட்டினார். புரோட்டான்தான் எலக்ட்ரானின் எதிர்ஜோடி என்றால் ஹைட்ரஜன் அணுவுக்குள் இருக்கும் இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். உலகத்தில் அணுவே மிஞ்சாது.

1931-ல் டிராக் மாற்றிச் சொன்னார். இது யாரும் பார்த்திராத புதிய துகள். எலக்ட்ரானின் அதே நிறை, எதிரான மின்னூட்டம். இரண்டும் சந்தித்தால் இரண்டும் மறைந்து ஒளியாகிவிடும்.

ஈயத் தகடு சொன்ன சாட்சி

அமெரிக்காவில் கால்டெக்கில் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மேக அறை என்று ஒரு கருவி. உள்ளே ஈரப்பதமான காற்று. மின்னூட்டம் உள்ள துகள் பாய்ந்தால், வானத்தில் ஜெட் விமானம் விடுகிற வெள்ளைக் கோடு போல ஒரு தடம் விழும். சுற்றிலும் காந்தப்புலம் இருப்பதால் தடம் வளையும். எலக்ட்ரான் ஒரு பக்கம் வளைந்தால் நேர்மின்னூட்டத் துகள் மறுபக்கம் வளையும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. மேலிருந்து கீழே போகும் நேர்மின்னூட்டத் துகளின் தடமும், கீழிருந்து மேலே போகும் எலக்ட்ரானின் தடமும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். எந்தத் திசையில் போனது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

ஆண்டர்சன் அறையின் நடுவில் 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு ஒன்றை வைத்தார். தகட்டைத் துளைத்து வரும் துகள் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதிகம் வளையும். எந்தப் பக்கம் வளைவு அதிகமோ அந்தப் பக்கம்தான் அது போயிருக்கிறது. எவ்வளவு எளிமையான யோசனை!

1932 ஆகஸ்ட் 2-ம் தேதி எடுத்த படத்தில் துகள் கீழிருந்து மேலே போயிருந்தது. வளைந்த திசையோ நேர்மின்னூட்டத்துக்கு உரியது. புரோட்டான் என்றால் அவ்வளவு நீளத் தடம் விழாது. எலக்ட்ரானின் எடைதான் பொருந்தியது. பாசிட்ரான் என்று பெயர் வந்தது. 1933-ல் கேம்பிரிட்ஜில் பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் உறுதி செய்தார்கள். டிராக்குக்கு 1933-லும் ஆண்டர்சனுக்கு 1936-லும் நோபல் கிடைத்தது.

பொருளையும் எதிர்ப்பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஒப்பீடு இதுதான். நிறை கிட்டத்தட்ட சமம். மின்னூட்டம் எதிர்.

பாசிட்ரான் ஏதோ விண்வெளி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் உள்ளது. அதனால் ஒரு சாதாரண வாழைப்பழம் சுமார் 75 நிமிடத்துக்கு ஒரு பாசிட்ரானை வெளிவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேனில் 'பெ' என்பதே பாசிட்ரான்தான்.

புரோட்டானுக்கும் ஜோடி உண்டா?

எலக்ட்ரானுக்கு இருந்தால் புரோட்டானுக்கும் இருக்க வேண்டும். ஆனால் அதை உண்டாக்க ஏராளமான ஆற்றல் வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பெவட்ரான் என்ற முடுக்கி இதை மனதில் வைத்தே கட்டப்பட்டு 1954-ல் ஓடத் தொடங்கியது. 1955-ல் செக்ரே, சேம்பர்லேன் குழு எதிர்புரோட்டானைப் பிடித்தது. சாதாரண வேலை இல்லை. ஒரு எதிர்புரோட்டான் வரும்போது கூடவே பல்லாயிரக்கணக்கில் வேறு துகள்கள் வரும். அத்தனையிலிருந்து அந்த ஒன்றைப் பிரிக்க வேண்டும். பறந்த நேரத்தை அளந்து எடையைக் கணக்கிட்டார்கள். 5 சதவீதத் துல்லியத்துக்குள் புரோட்டானின் எடையேதான். மறுவருடம் எதிர்நியூட்ரானும் கிடைத்தது.

1954-55 வாக்கில் லூடர்ஸ், பவுலி போன்றவர்கள் கணிதத்தில் ஒரு தேற்றத்தை நிறுவினார்கள். சி.பி.டி. தேற்றம் என்பார்கள். ஒரு உலகத்தில் எல்லாத் துகளையும் எதிர்த்துகளாக மாற்று. இடம் வலம் மாற்றிக் கண்ணாடிப் பிம்பமாக்கு. காலத்தையும் பின்னோக்கி ஓட்டு. மூன்றையும் சேர்த்துச் செய்தால் இயற்கையின் விதிகள் துளியும் மாறாது. இதன்படி துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் நிறை, ஆயுள் எல்லாம் மிகச் சரியாகச் சமமாக இருந்தே தீர வேண்டும். கிட்டத்தட்ட சமம் என்பதற்கு இதில் இடமில்லை.

கண்ணாடியில் விழுந்த கீறல்

மூன்றும் சேர்ந்தால் சமம், சரி. தனித்தனியாகவும் சமம்தானே? 1956 வரை எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். லீ, யாங் என்ற இருவர் சந்தேகம் கிளப்பினார்கள். மேடம் வூ என்று அழைக்கப்பட்ட சியென்-ஷியுங் வூ, கோபால்ட்-60 அணுக்களைக் கடுமையாகக் குளிரவைத்துச் சோதித்து, 1957 ஜனவரியில் முடிவைச் சொன்னார். இயற்கைக்கு இடது வலது வித்தியாசம் தெரியும்! லீ-க்கும் யாங்-க்கும் அந்த வருடமே நோபல். வூவுக்கு இல்லை. இன்றுவரை பலருக்கும் இதில் மனக்குறை உண்டு.

சரி, கண்ணாடிப் பிம்பத்தோடு துகளையும் எதிர்த்துகளாக மாற்றினால் சமன் திரும்பிவிடும் என்று ஆறுதல் அடைந்தார்கள். அந்த ஆறுதல் ஏழு வருடம் நீடித்தது.

1964-ல் நியூயார்க் அருகே புரூக்ஹேவனில் குரோனினும் ஃபிட்சும் நடுநிலைக் கேயான் என்ற துகள் சிதைவதை ஆராய்ந்தார்கள். அதில் நீண்ட ஆயுள் கொண்ட வகை இரண்டு பையான்களாக உடையவே கூடாது என்பது விதி. 22,700 சிதைவுகளைப் பார்த்தார்கள். 45 சிதைவுகள் விதியை மீறியிருந்தன. ஆயிரத்துக்கு 2! இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பூஜ்யம் இல்லையே. பொருளும் எதிர்ப்பொருளும் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு மெல்லிய வேற்றுமை இருக்கிறது என்பதற்கு முதல் ஆதாரம் அது. 1980-ல் இருவருக்கும் நோபல்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். சி.பி.டி. தேற்றம் எல்லாம் சமம் என்கிறது, இது வித்தியாசம் என்கிறதே? இரண்டு சகோதரர்களுக்கு ஒரே சம்பளம், மாதக் கடைசியில் மொத்தச் செலவும் ஒன்று. ஆனால் ஒருவர் வாடகைக்கு அதிகம் கொடுப்பார், மற்றவர் சாப்பாட்டுக்கு. துகளும் எதிர்த்துகளும் அப்படித்தான். மொத்த ஆயுள் ஒன்று. எந்தெந்த வழியில் எவ்வளவு சிதைகிறது என்பதில் மட்டும் மாறலாம்.

சகாரோவின் கேள்வி

சோவியத் யூனியனுக்கு ஹைட்ரஜன் குண்டு செய்து கொடுத்த ஆந்த்ரே சகாரோவ், 1967-ல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பெருவெடிப்பில் ஆற்றலிலிருந்து பொருள் வந்திருந்தால் அதே அளவு எதிர்ப்பொருளும் வந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எப்போதும் ஜோடியாகத்தானே பிறக்கின்றன? பிறகு அவை சந்தித்து அழிந்து, பிரபஞ்சம் முழுக்க வெறும் ஒளியாகத்தான் மிஞ்சியிருக்க வேண்டும்.

டிராக் 1933-ல் நோபல் உரையிலேயே இதைத் தொட்டிருந்தார். நட்சத்திரங்களில் பாதி எதிர்ப்பொருளாக இருக்கலாம், இரண்டின் ஒளியும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் தொலைநோக்கியில் பார்த்துப் பிரிக்க முடியாது என்றார். அழகான யோசனை. ஆனால் பொருள் உலகமும் எதிர்ப்பொருள் உலகமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் காமா கதிர்கள் கொட்ட வேண்டும். அப்படி எதுவும் தென்படவில்லை. 1998-ல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் ஏ.எம்.எஸ். என்ற கருவியை அனுப்பினார்கள். அதில் சுமார் 30 லட்சம் ஹீலியம் கருக்கள் பதிவாயின. எதிர்-ஹீலியம் ஒன்றுகூட இல்லை.

ஆக, எதிர்ப்பொருள் எங்கோ ஒளிந்திருப்பதாகச் சொல்ல முடியாது. அழிந்துவிட்டது. இன்று இருக்கும் பொருளையும் பிரபஞ்சத்தில் நிறைந்திருக்கும் ஒளியையும் வைத்துக் கணக்கிட்டால், ஆதியில் சுமார் 100 கோடி எதிர்த்துகளுக்கு 100 கோடியே ஒரு துகள் இருந்திருக்க வேண்டும். 100 கோடியும் 100 கோடியும் அடிபட்டுப் போயின. மிஞ்சிய அந்த ஒன்றுதான் நட்சத்திரம், மலை, கடல், காக்கா, மனிதன் எல்லாம்.

அந்த ஒன்று எப்படி அதிகமாக வந்தது? அதற்குத் தேவையான மூன்று நிபந்தனைகளை சகாரோவ் பட்டியலிட்டார். அதில் ஒன்று, குரோனினும் ஃபிட்சும் கண்ட மாதிரியான வேற்றுமை. 1973-ல் கோபயாஷியும் மாஸ்கவாவும் ஆறு வகைக் குவார்க்குகள் இருந்தால் இந்த வேற்றுமை தானாக வரும் என்று காட்டினார்கள். அப்போது தெரிந்தவை மூன்றே வகை! மற்ற மூன்றும் பின்னால் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2001-ல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பி-மேசான்களில் அந்த வேற்றுமை அளக்கப்பட்டது. 2008-ல் இருவருக்கும் நோபல். 2025-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் எல்.எச்.சி.பி. குழு, புரோட்டான் வகையறாவான பேரியான் ஒன்றிலும் முதன்முறையாக இதைக் கண்டது. வித்தியாசம் சுமார் 2.5 சதவீதம்.

பிரச்னை தீர்ந்ததா? இல்லை. இந்த வேற்றுமைகள் அனைத்தையும் சேர்த்தாலும் பிரபஞ்சத்தில் இருக்கும் பொருளுக்குக் கணக்குக் காட்டப் போதாது. கொஞ்சநஞ்சம் இல்லை, பல கோடி மடங்கு போதாது.

பிரிசில்லா என்ற பாசிட்ரான்

சிதைவில் கிடைத்த வேற்றுமை போதவில்லை. அப்படியென்றால் நிறை, காந்தத்திறன் இவற்றிலேயே ஏதாவது இடிக்கிறதா? சமமாக இருந்தே தீரும் என்று தேற்றம் சொன்னாலும் அளந்து பார்த்துவிட வேண்டியதுதானே.

அளக்க வேண்டுமென்றால் பிடித்து வைக்க வேண்டும். எதில் வைப்பது? எந்தப் பாத்திரமும் பொருளால் ஆனது, தொட்டால் இரண்டும் காலி. எனவே சுவரே தொடாமல், வெற்றிடத்தில் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அந்தரத்தில் நிறுத்துகிற பொறி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். சியாட்டிலில் ஹான்ஸ் டெமெல்ட் ஒரே ஒரு பாசிட்ரானை இப்படி மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தார். செல்லப்பிராணிக்கு வைப்பது போல அதற்கு பிரிசில்லா என்று பெயரும் வைத்தார். 1987-ல் அவர் குழு எலக்ட்ரானின் காந்தத்திறனையும் பாசிட்ரானின் காந்தத்திறனையும் ஒப்பிட்டு வெளியிட்டது. லட்சம் கோடியில் 2 பங்கு என்ற துல்லியம் வரை இரண்டும் ஒன்று.

அடுத்து எதிர்புரோட்டான். ஜெனீவா அருகே செர்னில் 1986-ல் கேப்ரியல்ஸ் குழு அதைப் பொறியில் பிடித்தது. மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை ஒப்பிட்டார்கள். 1999-ல் லட்சம் கோடியில் 90 பங்கு வரை வேற்றுமை இல்லை. 2015-ல் செர்னின் பேஸ் குழு அதை 69 ஆக்கியது. 2022-ல் 16. ம்ஹும், அப்போதும் வேற்றுமை இல்லை.

2017-ல் அதே குழு எதிர்புரோட்டானின் காந்தத்திறனை அளந்தது. 2.7928473441 என்று வந்தது. அதே வருடம் அளந்த புரோட்டானின் எண் 2.79284734462. கடைசியில் தெரிகிற வித்தியாசம் அளவீட்டின் பிழை வரம்புக்குள் அடங்கிவிடுகிறது.

எதிர் அணு கீழே விழுமா?

தனித்துகள் போதாது, முழு அணுவே வேண்டும் என்று இன்னொரு பக்கம் முயற்சி. எதிர்புரோட்டானைச் சுற்றி ஒரு பாசிட்ரான் வந்தால் எதிர்-ஹைட்ரஜன். 1995-ல் செர்னில் ஓலெர்ட் குழு ஒன்பது அணுக்களை உண்டாக்கியது. ஆனால் அவை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பறந்து, நொடியின் 100 கோடியில் 40 பங்கு நேரத்தில் அழிந்தன. அதில் என்னத்தை அளப்பது!

பொறுமையாகத்தான் முன்னேறினார்கள். 2002-ல் மெதுவாக நகரும் எதிர்-ஹைட்ரஜன் கிடைத்தது. 2010-ல் ஆல்ஃபா குழு 38 அணுக்களைப் பிடித்து நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் வைத்திருந்தது. அடுத்த வருடமே 1000 நொடி, அதாவது 16 நிமிடத்துக்கு மேல். 2016-ல் லேசர் அடித்து நிறமாலையைப் பார்த்தார்கள். 2018-ல் அந்த அளவீட்டின் துல்லியம் லட்சம் கோடியில் 2 பங்கு. ஹைட்ரஜன் எந்த அதிர்வெண்ணில் ஒளியை விழுங்குகிறதோ அதே அதிர்வெண்தான் இதற்கும். இரண்டு வகை நட்சத்திரத்தின் ஒளியும் ஒன்றுபோல் இருக்கும் என்று 1933-ல் டிராக் சொன்னது ஆய்வுக்கூடத்தில் நிரூபணம் ஆயிற்று.

மிச்சம் இருந்தது ஷூஸ்டரின் பழைய கேள்வி. எதிர்ப்பொருள் பூமியில் கீழே விழுமா, மேலே போகுமா? எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் ஈர்ப்பு விசை மற்ற விசைகளோடு ஒப்பிட்டால் மிக மிகப் பலவீனம். பொறியின் காந்தப்புலத்தில் துளி ஏற்றத்தாழ்வு இருந்தாலும் விடை கெட்டுவிடும். ஆல்ஃபா குழு செங்குத்தான உயரமான பொறி ஒன்றைக் கட்டி, எதிர்-ஹைட்ரஜனை நிரப்பி, மேலும் கீழும் மெல்லத் திறந்துவிட்டது. 2023 செப்டம்பரில் முடிவு வந்தது. ஏறக்குறைய 80 சதவீதம் கீழே விழுந்தது, ஈர்ப்பு இருந்தால் எதிர்பார்க்க வேண்டிய அளவுதான். விழும் முடுக்கம் சாதாரணப் பொருளின் அளவில் 0.75 மடங்கு என்று கணக்கு வந்தது. பிழை வரம்பு பெரியது என்பதால் 1 என்பதோடும் பொருந்துகிறது. மேலே போகும் என்ற கற்பனை மட்டும் முடிவுக்கு வந்தது. ஷூஸ்டரின் கடிதத்துக்கு 125 வருடம் கழித்துப் பதில்!

அடுத்து என்ன?

எதிர்ப்பொருளை உண்டாக்கும் அதே கட்டடத்தில் முடுக்கியின் காந்தங்களும் இருப்பதால், அவை அங்கே செய்கிற அளவீட்டைக் கொஞ்சம் கலைக்கின்றன. எனவே எதிர்புரோட்டான்களை லாரியில் ஏற்றி அமைதியான வேறு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். அதற்கு ஒத்திகையாக 2024 அக்டோபரில் 70 சாதாரண புரோட்டான்களைப் பொறியில் அடைத்து செர்ன் வளாகத்துக்குள் லாரியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. (டான் பிரவுன் நாவலில் வருகிற மாதிரி நகரம் வெடித்துச் சிதறும் என்று பயப்பட வேண்டாம். செர்ன் இதுவரை தயாரித்த எதிர்ப்பொருள் மொத்தத்தையும் எரித்தாலும் ஒரு பல்பு சில நிமிடம் எரியும், அவ்வளவுதான்.)

இத்தனை அளவீடுகளிலும் சமம், சமம், சமம் என்றே விடை வந்தால் அது தோல்வியா? சமம் என்று சொல்கிற ஒவ்வொரு முடிவும் தேட வேண்டிய இடத்தைக் குறைக்கிறது. முதலில் 5 சதவீதத்துக்குள் தேடினார்கள். இப்போது லட்சம் கோடியில் 16 பங்குக்குள் தேடுகிறார்கள்.

வரவும் பற்றும் ஒரு பைசா இடிக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தில் என்று தெரியவில்லை. அப்படி ஒரு பேரேட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் இவர்கள். வித்தியாசம் இருப்பது மட்டும் உறுதி. பூமியும் அதில் இத்தனை பேரும் இருப்பதே அதற்கு அத்தாட்சி.